தையல் வகுப்பை இயங்கலைக்குக் கொண்டுபோக மூன்று வழிகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தொழில் தெரிந்த நம்மவர்கள் பலர் இப்போது ஒரே யோசனையில் இருக்கிறார்கள்: கையில் இருக்கும் வித்தையை இயங்கலையில் சொல்லிக்கொடுத்தால் என்ன? தையல்காரர், சங்கீத ஆசிரியை, படிவம் 5 மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் நடத்துபவர், குடும்ப வரவுசெலவைச் சீர்செய்யக் கற்றுத்தருபவர் என்று ஆள் மாறினாலும் முன்னால் நிற்கும் வழிகள் மூன்றுதான். பாடங்களைப் படம்பிடித்து வைத்து விற்கலாம். வாரந்தோறும் ஸூமில் நேரடியாக நடத்தலாம். அல்லது பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, வேலை கொடுத்து, அவர்கள் செய்ததைப் பார்த்துத் திருத்தியபடி ஆறு வாரம் கூடவே வரலாம்.

நான் மூன்றாவது வழியின் பக்கம். ஏன் என்பதையும், மற்ற இரண்டும் எந்த இடத்தில் பொருந்தும் என்பதையும் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ரவிக்கைத் தையல் வகுப்பை வைத்துக்கொள்வோம். இலக்கியமோ வரவுசெலவோ என்றால், மாணவர் கற்றுக்கொண்டார் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள இடமுண்டு. ரவிக்கையில் அது நடக்காது. போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்து ஒரு மாதம் கழித்து, உங்கள் உதவி இல்லாமல் மாணவி என்ன செய்ய வேண்டும்? "தையலின் அடிப்படைகளை அறிந்திருப்பார்" என்பது பதிலாகாது. "அளவு ரவிக்கை கேட்காமல், ஆள்மேல் அளவெடுத்து, லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றை அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தைத்துக் கொடுப்பார்" என்பது பதில். இப்படி எழுதிவிட்டால் பாடத்திட்டத்தில் பாதி தானாகக் கழிந்துவிடும். தையல் இயந்திரத்தின் வரலாறு, துணி வகைகளின் பட்டியல், பத்து விதக் கழுத்து மாதிரிகள் எல்லாம் வெளியே போகும். மிஞ்சுவது அளவு, வெட்டு, டார்ட் (உடல்வாகுக்குப் பொருந்தத் துணியை மடித்துத் தைப்பது), கை பொருத்துவது, கொக்கிப் பட்டி. ஆறு வாரத்துக்கு அதுவே தாராளம்.

படம்பிடித்து விற்பது

இந்த வழியின் நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கும் பெண்ணுக்கு, வாரந்தோறும் இரவு எட்டு மணிக்கு வகுப்பு என்றால் பாதி வாரங்கள் நடக்காத காரியம். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பதினொரு மணிக்குத் திறந்து பார்க்கும் பாடம் அவருக்குப் பெரிய உதவி. பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம், நிறுத்தி வைத்துக்கொண்டு செய்யலாம். பாபினில் நூல் சுற்றுவது, துணியை எந்தப் பக்கம் மடித்துப் போடுவது போன்றவற்றை வாயால் விளக்குவதைவிட மேலிருந்து ஒருமுறை படம்பிடித்துக் காட்டுவதே தெளிவு.

சிக்கல் அதற்குப் பிறகுதான். எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய இயங்கலைப் பாடங்களின் பதிவுகளை ஜஸ்டின் ரைக்கும் ஹோசே ருய்பெரெஸ்-வலியென்டேயும் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. உலகின் பெயர்பெற்ற பேராசிரியர்கள், நல்ல படப்பிடிப்பு, கட்டணமும் கிடையாது. அப்படியும் நூற்றுக்கு மூன்று பேர். சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 46 விழுக்காட்டினர் முடித்தார்கள். இதைப் பார்த்துவிட்டு, கட்டணத்தை உயர்த்தினால் எல்லாரும் முடித்துவிடுவார்கள் என்று கணக்குப் போடக் கூடாது. முடித்தே தீருவது என்று வந்தவர்கள்தாம் பணம் கட்டியிருப்பார்கள். ஆனாலும் அந்தப் பிரிவிலேயே பாதிக்கு மேற்பட்டோர் நடுவழியில் நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இந்த வழியை எடுப்பவர்கள் முதலில் பணத்தைக் கொட்டுவது ஸ்டூடியோவில். அது வேண்டவே வேண்டாம் என்பேன். பிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளின் பதிவை ஆராய்ந்து 2014-இல் எழுதியதில் இரண்டு செய்திகள் நமக்கு உதவும். ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளைத்தான் மாணவர்கள் விட்டுவிடாமல் பார்த்தார்கள். பெரும் செலவில் ஸ்டூடியோவில் எடுத்தவற்றைவிட, ஆசிரியர் தம் மேசையில் அமர்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல எடுத்த காணொளிகள் கூடுதலாக ஈர்த்தன. வெட்டும் மேசைக்கு மேலே கைப்பேசியைப் பொருத்த ஒரு தாங்கி, நல்ல விளக்கு, சட்டையில் குத்தும் சிறிய மைக் போதும். மிச்சப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறொன்றுக்கு வேண்டியிருக்கும்.

வாரந்தோறும் ஸூம்

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு நம் வீடுகளில் எல்லாரும் இந்த வழியைப் பார்த்தாயிற்று. ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டதும், கேமராவை அணைத்துவிட்டுப் பிள்ளைகள் வேறு வேலை பார்த்ததும் பெற்றோருக்கு நினைவிருக்கும். பெரியவர்களுக்கான வகுப்பிலும் நிலைமை பெரிதாக வேறுபடுவதில்லை. ஆசிரியர் ஒன்றரை மணி நேரம் வெட்டிக் காட்டுகிறார். "புரிந்ததா?" என்று கேட்கிறார். "புரிந்தது, டீச்சர்" என்று நான்கைந்து குரல்கள் வருகின்றன. இவர்கள் பொய் சொல்வதில்லை. கைதேர்ந்த ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது எல்லாமே எளிதாகத்தான் தெரியும்.

ஹார்வர்டில் லூயி டெலோரியேவும் சகாக்களும் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. 2019-இல் வெளிவந்தது. சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாக உணர்ந்தார்கள். தாங்களே கணக்கோடு மல்லாடியவர்கள் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வு வைத்துப் பார்த்தபோது மல்லாடியவர்களே கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆகவே வகுப்பு முடிந்ததும் வரும் "அருமை, டீச்சர்" என்ற பாராட்டை வைத்து உங்கள் பயிற்சியை எடைபோடாதீர்கள்.

நேரடி வகுப்புக்கு ஒரு பலம் உண்டு. நாளும் நேரமும் குறித்தால் மனிதர் வருவார். நாலு முகம் பார்க்கலாம் என்பதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலேயே இருக்கும் பெண்கள் குறிப்பாக. அந்த ஒரு பலத்துக்காக இதை முழுவதுமாகத் தள்ளிவிடக் கூடாது. வேறொன்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு குழு, வாரம் ஒரு வேலை

ரவிக்கையின் முன்பக்கக் கைக்குழி பின்பக்கத்தைவிடச் சற்று ஆழமாக வெட்டப்படும். கைத் துணியிலும் முன்பக்க வளைவு அதற்கேற்பக் கூடுதலாகக் குடைந்திருக்கும். புதிதாகத் தைப்பவர் இரண்டு கைகளையும் வெட்டி மேசைமேல் வைத்தால் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிடுவார். தையல் நேராக ஓடியிருக்கும், நூல் இறுக்கமும் சரியாக இருக்கும். ஆனால் போட்டுக்கொண்டால் அக்குளுக்கு முன்னால் துணி மிஞ்சிச் சாய்வாகச் சுருங்கும். கையை முன்னால் நீட்டினால் முதுகுப்பக்கம் இழுக்கும். அவருக்குத் தெரிவதெல்லாம் "எங்கேயோ பிடிக்கிறது" என்பது மட்டும்தான். அளவு போதவில்லை என்று நினைத்து அடுத்த ரவிக்கையை அரை அங்குலம் தளர்வாக வெட்டுவார். சுருக்கம் அப்படியே இருக்கும். மூன்றாவது ரவிக்கையும் கெட்டால், "நமக்கு வராது" என்று இயந்திரத்துக்கு உறை போட்டு மூடிவிடுவார்.

தொழில் தெரிந்தவருக்கு அந்தச் சுருக்கத்தின் படம் ஒன்று போதும். "அம்மா, கை ரெண்டும் பக்கம் மாறியிருக்கு. பிரிச்சு மாத்திப் போடுங்க" என்று இருபது விநாடிக் குரல்பதிவில் சொல்லிவிடுவார். காணொளியால் இதைச் சொல்ல முடியாது. அது மாணவியின் துணியைப் பார்ப்பதில்லை. ஸூமில் நாற்பது பேருக்கு நடுவில் ஆசிரியரும் பார்ப்பதில்லை. மாணவி சறுக்கும் இடத்தில் ஒரு கண் இருக்கிறதா என்பதுதான் மூன்று வழிகளுக்கும் நடுவில் உள்ள உண்மையான வேறுபாடு. மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதற்குப் பிறகு வருபவை.

செய்வதற்கும் பார்ப்பதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஓர் அளவுகூட இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கென் கோடிஞ்சரும் சகாக்களும் உளவியல் இயங்கலைப் பாடம் ஒன்றின் பதிவுகளைப் பார்த்து 2015-இல் எழுதினார்கள். காணொளி பார்ப்பதையும் படிப்பதையும் கூட்டிக்கொண்டதில் கிடைத்த பலனைப்போல ஆறு மடங்குக்குமேல், பயிற்சிகளைச் செய்வதைக் கூட்டியதில் கிடைத்தது. உளவியலுக்கே அப்படி என்றால் கத்திரிக்கோல் பிடிக்கும் தொழிலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாரத்தை நான் இப்படி அமைப்பேன். ஞாயிறன்று ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட இரண்டு மூன்று காணொளிகள். அதோடு ஒரு வேலை, ஒன்றே ஒன்று. முதல் இரண்டு வாரம் வீட்டில் கிடக்கும் பழைய பருத்தி விரிப்பில்தான் வெட்ட வேண்டும்; நல்ல துணியில் கை வைக்கும் பயம் கற்றலைக் கெடுக்கும். வியாழன் இரவுக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) இரண்டு படங்கள் வர வேண்டும்: மேசையில் விரித்துப் போட்டது ஒன்று, அணிந்தது ஒன்று. முகம் தெரிய வேண்டியதில்லை, கழுத்துக்குக் கீழே போதும். இரவு ஷிப்ட் செய்பவருக்கும் நான்கு நாள் அவகாசத்தில் ஒரு மணி நேரம் அகப்பட்டுவிடும். படத்தோடு மாணவி ஒரு வரி எழுத வேண்டும்: "எங்கே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது." இந்த ஒரு வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆசிரியர் இல்லாத நாளில் தன் துணியைத் தானே பார்க்கும் கண் அவருக்கு அங்கேதான் திறக்கிறது.

சனிக்கிழமை நாற்பது நிமிடம் நேரடிச் சந்திப்பு. ஸூமின் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்புக்குக் கிடைக்கும் நேரமும் அதுவே. அங்கே புதுப் பாடம் எடுக்க வேண்டாம். அந்த வாரம் வந்தவற்றில் மூன்று வேலைகளை, செய்தவரிடம் முன்பே சம்மதம் கேட்டு, எல்லாரும் சேர்ந்து பாருங்கள். ஒருவரின் சுருக்கத்திலிருந்து பதினைந்து பேரும் கற்றுக்கொள்வார்கள். சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அளவெடுக்கும் வரிசையை நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துச் சோதனைபோலத் தோன்றலாம், செய்யத் தயங்காதீர்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மறுபடி படித்தவர்களும், படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு மாறிவிட்டது: மறுபடி படித்தவர்களுக்கு 42 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

முதல் வாரத்தில் சாக்பீஸ் கோடுகள் எல்லாவற்றையும் நீங்களே போட்டுக் காட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் பாதிக் கோடுகள். ஐந்தாம் வாரத்தில் அளவு எண்கள் மட்டும். ஆறாம் வாரம், வீட்டில் உள்ள யாராவது ஒருவர்மேல் அளவெடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை தனியாக. உதவியை இப்படிப் படிப்படியாக விலக்கிக்கொள்வது படம்பிடித்து விற்கும் பாடத்தில் மிகக் கடினம், ஏனென்றால் யாருக்கு எவ்வளவு உதவி இன்னும் தேவை என்று அதற்குத் தெரியாது.

தெரிவதும் செய்வதும் வேறாக இருக்கும் பாடங்கள்

தையலில் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். குடும்ப வரவுசெலவு அப்படியில்லை. தீபாவளிக்குக் கடன் அட்டையைத் தேய்த்தால் அடுத்த மாதங்களில் வட்டி ஏறும் என்பது வகுப்புக்கு வருகிறவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் தேய்க்கிறார். இங்கே தகவல் சொல்லும் வகுப்பால் பயனில்லை. தகவல் வேண்டுமென்றால் கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. இலவசமாகவே தருகிறது. மாற வேண்டியது மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அவர் செய்யும் ஒரு குறிப்பிட்ட செயல்.

உதாரணமாக, ஊழியர் சேமநிதி 2024 மே 11 முதல் மூன்று கணக்குகளாகப் பிரிந்திருக்கிறது. 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு இரண்டாவது கணக்குக்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்கும் போகின்றன. "எந்தக் கணக்கிலிருந்து எப்போதும் எடுக்கலாம்?" என்று கேள்வி வைத்தால் எல்லாரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள்; ஒருவர் வாழ்க்கையிலும் ஒன்றும் அசையாது. "இன்றிரவு கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து இருவர் கணக்கையும் திறந்து பாருங்கள். மூன்றாவது கணக்கை எந்த நெருக்கடிக்கு மட்டும் தொடுவது என்று ஒரு வரி எழுதுங்கள்" என்பது வேலை. தொகையைக் குழுவில் போடச் சொல்லக் கூடாது. எழுதிய வரி மட்டும் வந்தால் போதும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்து காட்டிய ஒன்றும் இங்கே கைகொடுக்கும். "இனிச் சேமிப்பேன்" என்று உறுதி எடுப்பதைவிட, "சம்பளம் ஏறிய அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் நூறு வெள்ளியை மற்றக் கணக்குக்கு மாற்றிவிடுவேன்" என்று நேரத்தோடும் செயலோடும் முடிச்சுப்போட்டவர்கள் கூடுதலாகச் செய்துமுடிக்கிறார்கள். அந்த வரியை மாணவரே தம் கையால் எழுதட்டும். அடுத்த சம்பள நாளுக்கு மறுநாள் காலையில் "ஐயா, மாற்றியாயிற்றா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள்.

அந்தச் செய்தி வகுப்பு முடிந்த பிறகுதான் போகும் என்பதைப் பாருங்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சிகளை எடைபோட நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, அதனால் விளைவு வந்ததா. முதல் படியைக் கருத்துப் படிவத்திலும் இரண்டாவதைத் தேர்விலும் கடைசி நாளிலேயே பார்த்துவிடலாம். மூன்றாவதும் நான்காவதும் மாணவர் தம் வாழ்க்கைக்குத் திரும்பிய பிறகே தெரியும். ஆகவே எந்தப் பாடமானாலும், முடிந்து முப்பதாவது நாளில் ஒரு சந்திப்பைக் கட்டணத்துக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். தையலுக்கு அந்த நாளில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த மாதம் யாருக்குத் தைத்தீர்கள்?

நேரமும் பணமும்

"இத்தனை பேரை நான் எப்படிப் பார்ப்பது?" என்பது நியாயமான கவலை. கணக்குப் போடுவோம். 16 பேர், ஒருவர் வேலையைப் பார்த்துக் குரல்பதிவு அனுப்பப் பத்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 160 நிமிடம். நேரடிச் சந்திப்பு 40 நிமிடம். மொத்தம் 200 நிமிடம், ஆறு வாரத்துக்கு 20 மணி நேரம். ஆளுக்கு 250 வெள்ளி வாங்கினால் 4,000 வெள்ளி. இது எடுத்துக்காட்டுக் கணக்கு. உங்கள் ஊரில் நேரில் தையல் கற்றுத்தரும் இடங்களின் கட்டணத்தை விசாரித்து உங்கள் தொகையை வையுங்கள்.

படம்பிடித்து 50 வெள்ளிக்கு விற்றால் அதே 4,000-க்கு 80 பேர் வேண்டும். அந்த 80 பேரைத் தேடிப் பிடிக்க முகநூல் விளம்பரம், அறிமுகச் சலுகை, இடைவிடாத பதிவுகள். தூங்கும்போதும் பணம் வரும் என்று சொல்லி இந்த வழியைப் பரிந்துரைப்பவர்கள் விளம்பரத்துக்குப் போகும் மாலை நேரங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறு குழுவில் 16 பேரில் பத்துப் பேர் ஒழுங்காகத் தைக்கத் தொடங்கினால் அடுத்த குழுவுக்கு அவர்களே ஆள் அனுப்புவார்கள். கல்யாண வீட்டில் "யாரம்மா தைத்தது?" என்று கேட்பதைவிட நல்ல விளம்பரம் தையலுக்கு வேறு கிடையாது.

250 வெள்ளி கட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கட்டணத்தைக் குறைத்து, 60 பேரைச் சேர்த்து, திருத்துவதைக் கைவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு இடங்களை இலவசமாக ஒதுக்குங்கள். திருத்தம் இல்லாத மலிவு வகுப்பில் பணத்தைவிட நம்பிக்கையைத்தான் அதிகம் இழப்பார்கள்.

அப்படியானால் யாருக்கு எது?

ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவருக்குப் புதுக் கழுத்து மாதிரியோ கை மாதிரியோ காட்ட வேண்டுமானால் படம்பிடித்து விற்பது போதும். தவறைத் தானே கண்டுபிடிக்கும் கண் அவருக்கு உண்டு. படிவம் 5 மாணவருக்குத் தேர்வுக்கு முந்திய மாதத்தில் சந்தேகம் தீர்க்க ஸூம் வகுப்பு நன்றாக உதவும். கேள்விகளோடு வருகிறவருக்கு அது ஏற்ற இடம். புதிதாகத் தொடங்குகிறவர், பழக்கத்தை மாற்ற வேண்டியவர், முன்பு முயன்று தோற்றவர் ஆகிய மூவருக்கும் சிறு குழு தவிர வேறெதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மூன்றையும் வரிசையாகவும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பலர் முதலில் ஐம்பது காணொளிகளை எடுத்துவிட்டுப் பிறகு மாணவர்களைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். தைப்பூசம் முடிந்ததும், தையல்காரர்களுக்குத் தீபாவளி நெருக்கடி தொடங்குவதற்கு வெகுமுன்பே, ஒன்பது பத்துப் பேரோடு முதல் குழுவைத் தொடங்குங்கள். தேவையான காணொளியை அந்தந்த வாரமே கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு தவறான படத்தையும், சம்மதம் கேட்டு, ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். இரண்டாவது குழு முடியும்போது எந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பக்கம் மாறிய கை, உள்ளே தள்ளிப்போன டார்ட், மேலே ஏறிய கொக்கிப் பட்டி என்று பத்துப் பன்னிரண்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்டூடியோவுக்குப் போகாமல் மிச்சம் வைத்த பணத்தை அப்போது எடுத்து, அந்தப் பன்னிரண்டு தவறுகளையும் அவற்றின் திருத்தத்தையும் நல்ல வெளிச்சத்தில், அருகிலிருந்து படம்பிடியுங்கள். விற்பதற்கு உங்களிடம் அப்போது ஒரு காணொளித் தொகுப்பு இருக்கும். மூன்றாவது குழுவில் ஒருவர் வேலையைத் திருத்தப் பத்து நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் போதும்.